கரிக்கோடு

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்குத் தெரியும். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிற காலத்தில், அன்றைக்கு எத்தனை கூடை சுமந்தாள் என்பதை வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கரியால் சுவரில் கோடு போட்டு வைப்பாள். பத்துக் கூடைக்கு ஒரு கோடு. வாரக்கூலி கொடுக்கும்போது மேஸ்திரி நோட்டைப் பார்த்து ஒரு தொகை சொல்லுவார். சுவர் வேறொரு தொகை சொல்லும். இரண்டும் ஒத்துப்போன வாரம் எதுவும் என் ஞாபகத்தில் இல்லை.

"ஏ கெழவி, நோட்டுல கீறதுதான் கணக்கு. செவுத்துல நீ கிறுக்கறத எவன் பாக்கப்போறான்?"

ஆயா பதில் பேசமாட்டாள். கொடுத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். அன்றைக்கு சாயங்காலமும் கோடு போடுவாள். "ஒத்துக்காதவன் கணக்க எதுக்கு ஆயா எழுதற?" என்று கேட்டேன். "அவன் ஒத்துக்காட்டி போறான். எனக்கு எவ்ளோ வரணும்னு எனக்குத் தெரியணுமில்ல?" என்றாள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வார்டு ஒதுக்கீடு, உள்ளாட்சிப் பிரதிநிதித்துவம் என்று நாம் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுவர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நம்மை எண்ணுகிறார்கள். எண்ணப்படுவதால் நாம் மதிக்கப்படுகிறோமா? மதிக்காதவர்கள் எடுக்கிற கணக்கில் நாம் ஏன் நம்மை எழுதிக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்வியை இளம் தோழர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பதிலை என் அனுபவத்திலிருந்தே தேட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எண்ணப்பட்டவனாகவும் இருந்திருக்கிறேன், எண்ணுகிறவனாகவும் இருந்திருக்கிறேன்.

*

1981 கணக்கெடுப்பின்போது எனக்குப் பதினோரு வயசு. எழுத வந்தவர் சேரிக்குள் வரவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, வீடு வீடாகப் பெயர் சொல்லச் சொன்னார். "எத்தினி தல?" என்று கேட்டது காதில் இருக்கிறது. மாட்டுக்கும் நாங்கள் அப்படித்தான் கேட்போம். பெரியவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். பெண்களில் பாதிப்பேரின் பெயர் அவருக்குத் தெரியாது. 'இன்னாரு பொண்டாட்டி', 'இன்னாரு ஆயா' என்றுதான் தெரியும். மரத்தடிக் காகிதத்தில் எங்க ஆயா என்ன பெயரில் ஏறினாள், ஏறினாளா இல்லையா என்பதே தெரியாது.

எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை உண்டு. ஒன்று, இரண்டு என்று தொகை பார்ப்பதும் எண்ணுவதுதான். மனதில் வைத்து நினைப்பதும் எண்ணுவதுதான். "நம்மள ஒரு ஆளா எண்றானா பாரு" என்று சேரியில் சொன்னால் அது தொகையைப் பற்றிய பேச்சு இல்லை. அரசாங்கம் முதல் அர்த்தத்தில் நம்மை விடாமல் எண்ணியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 1 கோடியே 44 லட்சத்துக்கும் மேல், நூற்றுக்கு 20 பேர். கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேருக்கு மேல். இரண்டாவது அர்த்தத்தில் எண்ணியது யார்?

மரக்காணத்துக்கு வயசு அதிகம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலத்துக்கும் வரிக்கும் கொடைக்கும் குழி, மா, வேலி என்று துல்லியமாக அளவு வைத்திருந்த காலம் அது. உப்பையும் அளந்தார்கள். வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டான். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு அள்ளியதும் உப்பு தேசத்தின் சின்னமாகிவிட்டது. அள்ளிய ஒரு பிடி உப்பு வரலாறாகிவிட்டது. காலங்காலமாகக் காலில் வெடிப்போடும் கண்ணில் எரிச்சலோடும் பாத்தியில் நின்று வாருகிறவர்கள் வரலாறாகவில்லை. உப்புக்கு எடை போட்டவர்கள் வாரிய கையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்த்த சந்தர்ப்பமும் உண்டு. 2013 ஏப்ரல் 25இல், மாமல்லபுரம் சித்திரை முழுநிலவு மாநாட்டுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கூட்டம் போனபோது மரக்காணத்தில் கலவரம் வந்தது. தலித் வீடுகள் எரிந்தன. உயிர்களும் போயின. அதன் பிறகு அதிகாரிகள் வந்து வீடு வீடாக எண்ணினார்கள். முழுதாக எரிந்தது எத்தனை, பாதி எரிந்தது எத்தனை என்று பட்டியல் போட்டார்கள். அப்போது யாரும் புளியமரத்தடியில் உட்காரவில்லை. நேராக உள்ளே வந்தார்கள். சேரிக்குள் வருவதற்கு அவர்களுக்குச் சாம்பல் தேவைப்பட்டிருக்கிறது.

*

நான் வாத்தியாரானேன். வாத்தியாரானால் கணக்கெடுப்பு வேலை வரும். 2011இல் வேறொரு பேரூராட்சியில் எனக்குப் பிளாக் ஒதுக்கினார்கள். கணக்கெடுப்புச் சட்டப்படி எழுதியதை வெளியே சொல்லக்கூடாது. ஆகவே ஊரையும் சொல்லவில்லை, ஆளையும் சொல்லவில்லை. சொல்லப்போவது என்னைப் பற்றித்தான்.

பிப்ரவரி 9 முதல் 28 வரை எழுத வேண்டும். உப்பளத்தில் பிறந்தவனுக்கு அந்த மாதம் எப்படிப்பட்டது என்று தெரியும். மழைத்தண்ணீர் வற்றி, பாத்தி கட்டி, அளம் வேலை சூடு பிடிக்கிற நேரம். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும் என்று விடியுமுன்னே கிளம்பிவிடுவார்கள். பகலில் போனால் சேரியில் பூட்டு தொங்கும், அல்லது குழந்தையும் கிழமும் இருக்கும். கூட வேலை செய்த சிலர், பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிவிடலாம் என்றார்கள். எனக்குப் புளியமரம் ஞாபகம் வந்தது. சாயங்காலம் போனேன். திண்ணையில் உட்கார்ந்தேன். கொடுத்த தண்ணியைக் குடித்தேன். ஒவ்வொரு பொம்பளையின் பெயரையும் அவள் வாயாலேயே கேட்டு எழுதினேன். அந்த மட்டில் சரி.

படிவத்தில் ஏழாவது கேள்வி மதம். எட்டாவது கேள்வி பட்டியல் சாதியா, பழங்குடியா என்பது. ஒரு அம்மா சொன்னாங்க, "கிறிஸ்டீன்னு எழுதுங்க சார்." எழுதினேன். அதோடு எட்டாவது கட்டத்தில் அவர்கள் பட்டியல் சாதி இல்லையென்று ஆகிவிடும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களைத்தான் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. நான் விதியைச் சொன்னேன். அந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நா சேரியிலதான சார் கீறேன்? ஊர்ல எனக்கு ஊடு குடுத்துட்டாங்களா?" என்றார்கள். படிவத்தில் இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. அந்தத் தெருவில் இப்படி இன்னும் பல வீடுகள். எல்லாவற்றிலும் விதிப்படிதான் எழுதினேன்.

அடுத்தது என் நெஞ்சை இன்னும் அறுக்கிறது. ஏரிக்கரையோரம் நாலைந்து இருளர் குடிசைகள் இருந்தன. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். வீட்டுப் பட்டியலில் அந்தக் குடிசைகளுக்கு எண் இல்லை. அவர்களைப் பற்றி நம் தெருவிலேயே விசாரித்தேன். "அவங்கள்லாம் கணக்குல வரமாட்டாங்க சார், இன்னிக்கி இங்க, நாளிக்கி எங்கயோ" என்றார் நம்ம ஆள் ஒருத்தர். மேஸ்திரியின் குரல் நம் வாயில் வந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முதல் இரண்டு நாள் நானும் அந்தக் கரையைக் கண்டும் காணாமல்தான் கடந்துபோனேன். வரைபடத்தில் இல்லாத வீட்டுக்கு ஏன் அலைய வேண்டும் என்றுதான் என் மனசும் சொன்னது. மூன்றாம் நாள்தான் போனேன். அவர்களில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கை கட்டிக்கொண்டார். அந்த நொடியில் நான் யாருடைய மேஸ்திரி?

2022இல் பேரூராட்சித் தேர்தலுக்கு வார்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தபோது தேடிப் பார்த்தேன். நான் எழுதிய தெரு இருந்த வார்டு பொதுவார்டு. நான் எழுதிய எட்டாவது கட்டம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வார்டு எல்லை எங்கே வெட்டினார்கள், சுழற்சி எப்படி வந்தது என்று பல காரணம் இருக்கும். ஆனால் அந்தத் தொகையில் என் கையெழுத்தும் இருக்கிறது. விதியை மீறாமல் எழுதினேன், பொய் எழுதவில்லை. இருந்தும் மனசு ஆறவில்லை. விதிப்படி நடந்தவன் நியாயப்படி நடந்தவன் ஆகிவிடுகிறானா என்ற கேள்வி அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

*

அந்தத் தொகை எப்படி அதிகாரமாக மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

மரக்காணம் ஒரு பேரூராட்சி. ஜனத்தொகை இருபதாயிரத்தைச் சுற்றி. கிராமமும் இல்லை, நகரமும் இல்லை. 2004இல் தமிழ்நாட்டின் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றைச் சிறப்புக் கிராம ஊராட்சி என்று மாற்றி எழுதினார்கள். 2006இல் திரும்பவும் பேரூராட்சி என்று எழுதினார்கள். உப்பளம் அதே இடத்தில்தான் இருந்தது. சேரியும் அதே இடத்தில்தான் இருந்தது. பெயர் மட்டும் கோட்டையில் மாறியது. பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. 2005இல் வந்த நூறுநாள் வேலைச் சட்டம் கிராமப்புறத்துக்கானது. பேரூராட்சியில் இருந்த கூலிக்காரருக்கு அது கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. பக்கத்து ஊராட்சியில் வேலை உண்டு, நம் தெருவில் இல்லை. நம்மை 'நகரம்' என்று எண்ணியதன் விலை அது. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் என்று மாநில அரசு 5000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது 2022இல்தான். அதற்கும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். மறுபடியும் நோட்டு.

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் ஊராட்சியிலும் நகராட்சியிலும் நம் ஜனத்தொகை விகிதப்படி இடம் ஒதுக்கச் சொல்கின்றன. ஜனத்தொகை என்றால் கடைசியாக வெளியான கணக்கெடுப்பின் தொகை. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே 2022இல் ஓட்டுப் போட்டவர்களுக்கு 2011இன் தொகைப்படிதான் இடம் பிரித்தார்கள். அதற்குமுன் 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருடத்துக்கும் மேலாகப் பேரூராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர் இருந்தார். தொகை இருந்தது, விகிதம் இருந்தது, மன்றம் மட்டும் இல்லை.

மன்றம் இருந்தால்? ஒதுக்கப்பட்ட வார்டிலும் ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லோரும்தான். 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து நம் கழுத்தில் கிடக்கிற முடிச்சு இது. வார்டில் நாம் நூற்றுக்கு நாற்பது பேர் என்றால், நிற்பவர் நம்மவராக இருப்பார், எந்த நம்மவர் என்று தீர்மானிப்பது மற்ற அறுபது பேராக இருக்கும். எதிர்த்துப் பேசாதவர், கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போடுகிறவர் என்று தேடிப் பிடித்து நிறுத்துவார்கள். எண்ணிக்கை நம்முடையது, எண்ணம் அவர்களுடையது.

இதையும் மீறி ஒருவர் தானாக எழுந்து வந்தால் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை பத்து வருடம் தலைவர் பதவியைச் செயல்பட விடவில்லை. கொலை இல்லாத இடத்திலும் அவமானம் உண்டு. 2020 ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைச் சுதந்திர தினத்தில் கொடியேற்றவிடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில். நாற்காலியை எண்ணிக்கை வாங்கிக் கொடுத்தது. உட்கார வைக்க எண்ணிக்கையால் முடியவில்லை.

1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அடிப்படை அலகாக ஏற்க மறுத்து, தனிமனிதரை அலகாக வைத்ததை ஏற்றுப் பேசினார். கிராமத்தின் மேல் அவருக்கிருந்த கோபம் பலருக்கு வருத்தம் தந்தது. நமக்கு அது புதிதில்லை. கிராமம் 'நாம்' என்று சொல்லும்போது அந்த நாமில் நாம் இருந்ததில்லை. ஒரு ஆள், ஒரு ஓட்டு, ஒரு மதிப்பு என்று அவர் சொன்னபோதுதான் புளியமரத்தடியில் 'தலை'யாக இருந்த எங்க ஆயா ஆளானாள். ஆனால் ஊராட்சி வந்தபோது அந்த ஆள் மறுபடியும் அதே ஊருக்குள்தான் போய் நிற்க வேண்டியிருந்தது.

*

இப்போது தோழர்களின் கேள்விக்கு வருகிறேன்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக அறிவித்தார்கள். எல்லாச் சாதிகளையும் எண்ணுவது என்று 2025 ஏப்ரல் 30இல் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. அப்படி எண்ணி முடித்து வெளியிட்டது கடைசியாக 1931இல். இதில் ஒரு தோழர் கேட்கிறார்: "சாதியை ஒழிக்கணும்னு சொல்ற நாம, சாதி பேரச் சொல்லி எழுதிக்கலாமா? அவன் குடுத்த பேர நாமே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறது இல்லியா அது?"

இது அலட்சியமாகத் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் அந்தக் காலத்திலேயே இதைக் கேட்டவர். இழிபெயரை ஏற்காதே, சாதிபேதமற்ற திராவிடர் என்று கணக்கில் பதிவுசெய் என்றார். கணக்கெடுப்புப் படிவத்தைப் போராட்டக் களமாகப் பார்த்தவர் அவர். நான் கவனிப்பது இதைத்தான்: அவர் கணக்கைப் புறக்கணி என்று சொல்லவில்லை. உன் பெயரை நீ சொல் என்றார்.

எங்க ஆயாவின் கரிக்கோட்டை யாராவது அவளுடைய அடையாளம் என்று சொல்வார்களா? இருநூறு கூடை சுமந்தவள் என்பது அவளுக்குப் பெருமை இல்லை. அது அவள் முதுகின் வலி. அவள் சுவரில் எழுதியது தான் யார் என்பதை இல்லை. தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்பதை எழுதினாள். சாதிக் கணக்கையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். சாதிப் பெயரைச் சொல்லும்போது நான் யார் என்று சொல்லவில்லை. என்னை இந்தப் பெயரில் நிறுத்தி எதை எதைப் பிடுங்கினார்கள், எவ்வளவு பாக்கி என்று சொல்கிறேன். பாக்கி தீருகிறவரை நோட்டை மூட முடியாது. கடன்பட்டவன்தான் நோட்டை மூடலாம் என்று அவசரப்படுவான்.

ஆனால் அந்தப் பாக்கி நமக்கு மட்டும்தானா? இதுதான் எனக்குப் பயமாக இருக்கிற இடம். ஏரிக்கரைக் குடிசைக்கு நாம் வைத்திருக்கிற பாக்கி என்ன? சிலுவை மாட்டியதால் பட்டியலிலிருந்து விழுந்த நம் அத்தைக்கும் சித்திக்கும்? பெயர் தெரியாமல் 'இன்னாரு பொண்டாட்டி' ஆனவளுக்கு? சட்டம் அந்த அம்மாவை எட்டாவது கட்டத்தில் சேர்க்காது. சரி, நம் சங்கத்தின் நோட்டில் சேர்ப்பதை எந்தச் சட்டம் தடுக்கிறது? எங்கள் தெருவில் இத்தனை வீடு, இதில் இத்தனை வீட்டைப் பட்டியல் சாதியாக எழுதவில்லை, இத்தனை குடிசைக்கு எண் இல்லை, இத்தனை பேர் அளத்தில் வேலை செய்கிறார்கள் என்று நம் கையால் எழுதின கணக்கு எத்தனை சேரியில் இருக்கிறது? நம்மிடம் சுவர் இல்லையென்றால், மேஸ்திரி நோட்டு தப்பு என்று எதை வைத்துச் சொல்வோம்?

எண்ணப்பட்டால் மதிக்கப்பட்டுவிடுவோம் என்று நான் நம்பவில்லை. மேலவளவுக்குப் பிறகு அப்படி நம்ப முடியாது. எண்ணப்படாமல் போனால் மதிப்பைக் கேட்கிற இடமே போய்விடும் என்பதும் தெரியும். ஆகவே நாம் எழுதிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருக்கிறவரையும் எழுத வைக்க வேண்டும். ஆட்கள் அளத்திலிருந்து திரும்பிய பிறகு வரச்சொல்லி எழுத வருகிறவரிடம் சொல்ல வேண்டும். புளியமரத்தடியில் உட்கார்ந்தால், உள்ளே வாங்க என்று கூப்பிட வேண்டும். ஏரிக்கரைக்கு நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு இன்னும் பணிக்காலம் பாக்கியிருக்கிறது. மறுபடியும் படிவம் கைக்கு வந்தால், முதல் நாளே அந்தக் கரைக்குப் போவேன். அந்தப் பெரியவர் எழுந்து கை கட்டுவதற்குள் நான் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஆயாவின் கோடெல்லாம் அழிந்துவிடும். சின்னப் பையன் நான் அழுவேன். "அழிஞ்சா என்னாடா, அளம் தொறக்கப்போவுது" என்பாள். வேலை தொடங்கியதும் முதல் நாள் சாயங்காலம் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுப்பாள். வெள்ளைச் சுவரில் முதல் கோடு விழும்.